கூலிப்படையும் விடையிறுக்குங் கடமையும்

திருக்குறளிலே படைமாட்சி என்னும் அதிகாரத்துக்கு உரை வகுத்த பரிமேலழகர் படையை அறுவகைப்படுத்துவர். மூலப்படை, கூலிப்படை, நாட்டுப்படை, காட்டுப்படை, துணைப்படை, பகைப்படை என்பன அவை. அவற்றுள் வழிவழியாக அரசனைச் சார்ந்துவரும் மூலப்படையே சிறந்ததென்பது அவர் கொள்கை. கௌடிலியரின் அர்த்தசாத்திரத்திலும் இதனையொத்த பாகுபாடு காணப்படும். கூலிப்படையை அறவே விலக்காது அறுவகையுள் ஒன்றாக எண்ணினமை நோக்கத்தக்கது. கூலிக்குப் போர் செய்வாரை அரசன் சேர்த்துக்கொள்ளுதல் முன்னையோர்க்குப் புதுமையன்று. அவர்மீது எத்துணை நம்பிக்கை வைக்கலாம் என்பதே அவர்கள் ஆராய்ந்த பொருள்.

நம் காலத்தில் இவ்வாராய்ச்சி வேறொரு வினாவையும் வேண்டி நிற்கின்றது. ஒரு நாட்டின் கம்பனியொன்று, அந்நாட்டரசின் பணத்தைப் பெற்று, வேறொரு நாட்டின் தெருவில் ஆயுதந் தாங்கிய ஆட்களை நிறுத்துகின்றது. அவருள் ஒருவன் குற்றமற்ற வழிப்போக்கனைச் சுட்டுக் கொல்கின்றான். இறந்தவனின் தாய் எந்த நீதிமன்றத்துக்குச் செல்வாள்? சுட்டவன் படைவீரனல்லன்; ஆதலிற் படைச்சட்டம் அவனை எளிதிற் பற்றாது. அவன் அந்நாட்டுக் குடிமகனுமல்லன். அவனை அனுப்பிய அரசு, அவன் கம்பனியின் ஊழியன் என்னும். கம்பனியோ, தான் அரசின் பணியையே செய்ததாகக் கூறும். இவ்வாறு ஒரு கொலைக்குரிய பொறுப்பு பலர் கைகளிற் பகிரப்பட்டு, ஈற்றில் ஒருவர் கையிலும் இல்லாதொழிகின்றது. தனியார் படைக் கம்பனிகள் பற்றிய ஆராய்ச்சியில் இதுவே தலையாய சிக்கலென்பதும், அரசு தன் பணியைப் பிறர்க்கு ஒப்படைக்கலாமெனினும் அப்பணிக்குரிய பொறுப்பை ஒப்படைத்தல் இயலாதென்பதும் இக்கட்டுரையாற் காட்டப்படும்.

பழைய கூலிப்படை

ஐரோப்பிய வரலாற்றிற் பதினான்காம் பதினைந்தாம் நூற்றாண்டுகளில் இத்தாலிய நகரரசுகள் பெரும்பாலும் கூலிப்படைகளைக் கொண்டே போர் செய்தன. படைத்தலைவனுக்கும் நகரத்துக்குமிடையே எழுதப்பட்ட ஒப்பந்தம் கொண்டொட்டா எனப்பட்டது. அதனால் அத்தலைவர்கள் கொண்டொட்டியரி எனப் பெயர் பெற்றனர். ஆங்கிலேயராகிய யோன் ஓக்வுட் என்பார் பீசா, மிலான், புளோரன்சு முதலிய நகரங்களுக்கும் பாப்பரசருக்கும் வெவ்வேறு காலங்களிற் போர் செய்து, 1394இல் புளோரன்சிலே புகழுடன் இறந்தார். பின்னர் வந்த மாக்கியவெல்லி இவ்வழக்கத்தைக் கடுமையாகக் கண்டித்தார். சம்பளத்துக்காக நிற்பவன் அதற்காக உயிர்விட உடன்படான் என்பது அவர் வாதத்தின் சாரம்.

இதற்கோர் எடுத்துக்காட்டு நம் இலங்கை வரலாற்றிலேயே உண்டு. இன்று சுவிற்சலாந்தின் பகுதியாயுள்ள நியூசற்றெல் என்னும் ஊரைச் சேர்ந்த சாள்சு தானியேல் த மியூரன் 1781ஆம் ஆண்டில் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனிக்கெனப் படையொன்று திரட்டினார். அப்படை நன்னம்பிக்கை முனையிலிருந்து பின்னர் இலங்கைக்கு வந்து, கொழும்புக் கோட்டையின் காவலிற் பெரும்பங்கு கொண்டது. 1795இல் பிரித்தானியர் இலங்கையைக் கைப்பற்ற முனைந்தபோது, செயின்ற் அன்றூசு பல்கலைக்கழகத்துப் பேராசிரியரான இயூ கிளெகோண் நியூசற்றெலுக்குச் சென்று மியூரனைக் கண்டு, அப்படையைப் பிரித்தானியச் சேவைக்கு மாற்றிக்கொண்டார். கோட்டையைக் காத்துநின்றோர் பகைவர் பக்கஞ் சேர்ந்தமையால் ஒல்லாந்தரின் வலி குன்றியது. 1796 பெப்ருவரியிற் கொழும்பு சரணடைந்தது. அதே படை 1799இல் திப்பு சுல்தானுக்கெதிராகச் சீரங்கப்பட்டினத்திற் பிரித்தானியர்க்காகப் போர் செய்தது. ஓர் ஐரோப்பிய ஊரிற் கைச்சாத்தான தாளொன்று, பல்லாயிரம் மைல்களுக்கப்பாலுள்ள ஒரு தீவின் அரசியலைத் திருப்பிவிட்டது.

முன்னையோர் அஞ்சியது இத்தகைய பற்றின்மையையே. கூலிப்படையாற் கேடு வருமாயின் அது கூலிகொடுத்த அரசனுக்கே வரும் என்று அவர் கருதினர். அப்படையின் நடுவே வாழ நேர்ந்த குடிமக்களின் நிலை அவ்வாராய்ச்சியிற் பெரிதும் இடம்பெறவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தேசியப் படைகள் வலுப்பெற, கூலிப்படைகள் ஒதுங்கின. இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் அவை மீண்டும் வந்தன. ஆயின், தனியொரு தலைவனின் பின் திரண்ட கூட்டமாக வாராது, பதிவுபெற்ற கம்பனிகளாக வந்தன.

கம்பனியாகிய படை

இம்மாற்றத்துக்குக் காரணங்கள் மூன்று கூறலாம். முதலாவது, அமெரிக்க - சோவியத்துப் பகைமை தணிந்தபின் வல்லரசுகள் தம் படைகளைக் குறைத்தமையால், பயிற்சி பெற்ற வீரர் பலர் வேலையிழந்தனர். தென்னாபிரிக்காவில் நிறவொதுக்கல் ஆட்சி முடிவுற்றபோதும் இந்நிலையே ஏற்பட்டது. இரண்டாவது, வலிகுன்றிய ஆபிரிக்க அரசுகளுக்கு முன்போல வல்லரசுகளின் துணை கிடைக்கவில்லை. மூன்றாவது, அரசின் பணிகளைத் தனியாரிடம் ஒப்படைத்தலே சிக்கனமென்னும் பொருளாதாரக் கொள்கை அக்காலத்தில் ஓங்கி நின்றது.

தென்னாபிரிக்காவில் 1989இல் தொடங்கப்பட்ட எக்சிக்கியூட்டிவ் அவுட்கம்ஸ் என்னும் கம்பனி இவ்வகையில் முதன்மையானது. 1993இல் அங்கோலாவிலும் 1995இல் சியெறா லியோனிலும் அது நேரே போர் செய்தது. சியெறா லியோனின் தலைநகரை அணுகிவிட்ட கிளர்ச்சிக்காரரைச் சில மாதங்களுள் பின்தள்ளி, வைரம் விளையும் பகுதிகளை மீட்டது. 1997 சனவரியில் அக்கம்பனி வெளியேறியது. அவ்வாண்டு மே மாதத்திலேயே அரசு கவிழ்ந்தது. கூலிப்படை வெற்றியை ஈட்டித் தரலாம், நிலைபேற்றைத் தருதல் அரிது என்பதை இதனால் அறிகின்றோம்.

அதே 1997ஆம் ஆண்டில் பாப்புவா நியூகினி அரசு, பூகன்வில் தீவிற் கிளர்ச்சியை அடக்கும்பொருட்டு சாண்ட்லைன் என்னும் கம்பனியோடு 3 கோடி 60 இலட்சம் அமெரிக்க டொலருக்கு ஒப்பந்தஞ் செய்தது. அந்நாட்டுப் படைத்தளபதி செரி சிங்கிரொக் இதனை எதிர்த்துக் கூலிப்படையினரைச் சிறைப்படுத்தினார். தலைநகரிற் குழப்பம் மூண்டது. பிரதமர் யூலியசு சான் பதவியினின்றும் ஒதுங்க நேர்ந்தது. கம்பனி பூகன்வில்லிற் போர் தொடங்கவேயில்லை. எனினும், மீதிப் பணமாகிய 1 கோடி 80 இலட்சம் டொலரை அரசு கொடுத்தல் வேண்டுமென்று 1998இல் சர்வதேச நடுவர் மன்றம் தீர்ப்பளித்தது. கம்பனியின் பண உரிமைக்கு உலகிலே மன்றம் உண்டு. ஓராண்டளவில் தீர்ப்பும் உண்டு. கம்பனியின் துவக்குக்கு இரையானோர் தம் வழக்கை எங்கே வைப்பது என்பதை ஈராக்கு நமக்குக் காட்டும்.

2003இல் ஐக்கிய அமெரிக்கா ஈராக்கின்மேற் படையெடுத்தபின் இத்தொழில் முன்னொருபோதும் இல்லாத அளவுக்குப் பெருகிற்று. அமெரிக்கப் பாராளுமன்றின் வரவுசெலவு ஆய்வகம் 2008இல் வெளியிட்ட கணக்கின்படி, ஈராக்குப் போரரங்கில் ஒப்பந்தக்காரரின் ஊழியர் குறைந்தது 190,000 பேர். அவர்தொகை அங்கிருந்த அமெரிக்கப் படையினரின் தொகைக்கு ஏறக்குறையச் சமம். 2003 முதல் 2007 வரை அவ்வகை ஒப்பந்தங்களுக்கு 8,500 கோடி டொலர் வழங்கப்பட்டது. இவருட் பெரும்பாலார் சமையலாளர், சாரதிகள், கட்டட வேலையாளர், மொழிபெயர்ப்பாளர் ஆவர். காவற் கம்பனிகளைச் சார்ந்தோர் 25,000 முதல் 30,000 வரையினரே. ஆதலால் ஒப்பந்தக்காரர் என்றவுடன் எல்லாரையும் துவக்கேந்தியவராகக் கருதுதல் பிழை. ஆயினும் உணவேற்றிச் செல்லும் வண்டியும் போரிற் குறியாகும். அதற்குக் காவல் வேண்டும். காவலன் எப்பொழுது போர்வீரனாகின்றான் என்பதைத் தெருவிலே யாரும் வரையறுக்க இயலாது.

வறிய நாட்டவர் பலர் இவ்வேலைகளுக்கு அமர்த்தப்பட்டனர். 2004 ஓகத்தில் நேபாளத்து இளைஞர் பன்னிருவர் ஈராக்கிலே கடத்தப்பட்டுக் கொல்லப்பட்டனர். யோர்தானில் வேலை என்று கூறி அழைத்துச் செல்லப்பட்ட அவர்கள், துணை ஒப்பந்தக்காரர் வழியாக அமெரிக்கப் படைத்தளமொன்றின் பணிக்கென ஈராக்குக்கு அனுப்பப்பட்டவர்கள். ஒப்பந்தத்தின் கீழ் ஒப்பந்தமாகத் தொடருஞ் சங்கிலியில், கீழே நிற்பவனுக்குத் தான் யாருடைய போரிற் சேர்ந்தான் என்பதும் தெரியாதொழிதல் உண்டு.

நிசூர் சதுக்கம்

பிளாக்வோட்டர் என்னும் அமெரிக்கக் கம்பனி, ஈராக்கிலிருந்த அமெரிக்க இராசதந்திரிகளைக் காக்குமாறு வெளிநாட்டமைச்சினால் அமர்த்தப்பட்டது. 2007 ஒற்றோபரில் அமெரிக்கப் பாராளுமன்றக் குழுவொன்று வெளியிட்ட விவரப்படி, 2005 தொடக்கம் அக்கம்பனியார் 195 தடவை துவக்குச் சூட்டிற் சம்பந்தப்பட்டிருந்தனர்; அவற்றுள் நூற்றுக்கு எண்பதுக்கு மேற்பட்டவற்றில் முதலிற் சுட்டோர் அவரே. 2006ஆம் ஆண்டு நத்தார்க்கு முதனாளிரவு, கடமையில் இல்லாத கம்பனி ஊழியனொருவன் ஈராக்கின் உபசனாதிபதியுடைய மெய்காவலரைச் சுட்டுக் கொன்றான். இரண்டு நாள் கழியுமுன் அவன் ஈராக்கினின்றும் அனுப்பப்பட்டுவிட்டான். அவன்மீது குற்றவழக்கு நடைபெறவில்லை.

2007 செத்தெம்பர் 16ஆந் தேதி நண்பகலில், பக்தாத்து நகரின் நிசூர் சதுக்கத்துக்கு அக்கம்பனியின் வண்டிகள் நான்கு வந்து போக்குவரத்தை மறித்து நின்றன. நகரின் வேறோரிடத்தில் வெடித்த குண்டே அவை வருதற்குக் காரணம். மருத்துவ மாணவனொருவன் மருத்துவராகிய தன் தாயுடன் வெள்ளை நிறக் காரொன்றில் வந்துகொண்டிருந்தான். முதலிற் கொல்லப்பட்டவன் அவனே. தாயும் அக்காரிலேயே மாண்டாள். அதன்பின் இயந்திரத் துவக்குகளும் எறிகுண்டுகளும் சதுக்கமெங்கும் பாய்ந்தன. ஈராக்கியர் கணக்கின்படி இறந்தோர் பதினெழுவர். அவருள் ஒன்பது வயதுச் சிறுவனும் ஒருவன். தம்மீது பகைவர் சுட்டனர் என்று காவலர் கூறினர். அமெரிக்கக் கூட்டாட்சிப் புலனாய்வுத் துறையினர் ஆராய்ந்து, பதினான்கு கொலைகளுக்கு நியாயமில்லை எனக் கண்டனர்.

இனி நீதியின் நடையைக் காண்போம். நிகழ்ச்சி நடந்த உடனே வெளிநாட்டமைச்சின் விசாரணையாளர், காவலர் கூறும் வாக்குமூலம் அவர்க்கெதிராகப் பயன்படுத்தப்படாது என்னும் உறுதியின்மேல் அவற்றைப் பெற்றனர். இதனாற் சான்று மாசுபட்டதென்று 2009 திசெம்பர் 31இல் நீதிபதி வழக்கைத் தள்ளினார். 2011இல் மேன்முறையீட்டு நீதிமன்று அதனை மீட்டது. 2014இல் ஈராக்கியச் சாட்சிகள் பலர் வாசிங்டனுக்கு அழைக்கப்பட்டு வழக்கு நடைபெற்றது. யூரர் ஒருவனைக் கொலைக் குற்றவாளி என்றும், மூவரைக் கொலையாகாத மரணம் விளைத்த குற்றவாளிகள் என்றும் கண்டனர். முன்னவனுக்கு ஆயுட்சிறையும் ஏனையோர்க்கு முப்பதாண்டுச் சிறையும் 2015இல் விதிக்கப்பட்டன. 2017இல் மேன்முறையீட்டு நீதிமன்று முதல்வனின் தீர்ப்பை நீக்கி மறுவிசாரணைக்கு அனுப்பியது; மூவரின் தண்டனைகளும் பின்னர் ஏறக்குறைய அரைப்பங்காயின. மறுவிசாரணையில் 2018இல் முதல்வன் மீண்டுங் குற்றவாளியாகக் காணப்பட்டான். 2020 திசெம்பர் 22இல் சனாதிபதி திரம்பு நால்வர்க்கும் மன்னிப்பு வழங்கி விடுதலை செய்தார்.

பதின்மூன்றாண்டு காலம் நீதிபதிகளும் வழக்கறிஞரும் யூரரும் சாட்சிகளும் உழைத்த உழைப்பு ஒரு கைச்சாத்தினாற் கழிந்தது. அந்நாட்டு அரசியலமைப்பில் மன்னிப்பளித்தல் சனாதிபதியின் உரிமையே. எனினும், இறந்தோரின் சுற்றத்தார் அந்நாட்டில் வாக்குரிமை இல்லாதவர்; அம்மன்னிப்பைக் குறித்துக் கேள்வி கேட்கும் அரசியற் குரல் அவர்க்கு இல்லை. தம் மண்ணில் நடந்த கொலை வேற்றுமண்ணில் விசாரிக்கப்படும்போது நேரக்கூடிய குறை இது.

மூன்று கதவுகள்

ஈராக்கியரின் நீதிமன்று ஏன் இதனை விசாரிக்கவில்லை? பக்தாத்தில் ஆட்சி செய்த அமெரிக்க நிருவாகி போல் பிரெமர் 2004 யூன் 27இல், ஆட்சியை ஈராக்கியரிடம் ஒப்படைப்பதற்கு முதல்நாள், 17ஆம் இலக்கக் கட்டளையைத் திருத்தி வெளியிட்டார். ஒப்பந்தப் பணியைச் செய்யுங்கால் ஒப்பந்தக்காரர் செய்யுஞ் செயல்களுக்கு ஈராக்கியச் சட்ட நடவடிக்கையினின்றும் விலக்கு என்பது அதன் பொருள். இரு நாடுகளுஞ் செய்த உடன்படிக்கையால் 2009 சனவரி 1ஆந் தேதியிலேயே அமெரிக்க ஒப்பந்தக்காரர்க்கிருந்த அவ்விலக்கு நீங்கிற்று. இவ்வாறு முதற் கதவாகிய உள்ளூர்ச் சட்டம் அடைக்கப்பட்டிருந்தது.

இரண்டாங் கதவு அனுப்பிய நாட்டின் சட்டம். அமெரிக்கர் 2000ஆம் ஆண்டில் இயற்றிய சட்டமொன்று, வெளிநாட்டிலே படையோடு செல்லுங் குடியியல் ஊழியரின் குற்றங்களை அமெரிக்க நீதிமன்று விசாரிக்க இடந்தந்தது. ஆனால் அது பாதுகாப்பமைச்சின் பணியைக் குறித்தே எழுதப்பட்டது. 2004இல் அது திருத்தப்பட்டு, பிற அமைச்சுகளின் ஒப்பந்தக்காரரும் பாதுகாப்பமைச்சின் பணிக்குத் துணைநின்றால் அடங்குவர் என்றாயிற்று. வெளிநாட்டமைச்சின் தூதுவரைக் காத்தல் பாதுகாப்பமைச்சுக்குத் துணைநிற்றலாகுமா? நிசூர் வழக்கிலே எதிரிகளின் வழக்கறிஞர் இவ்வினாவை வலிதாக எழுப்பினர். பதினான்கு உயிர்களின் வழக்கு, எந்த அமைச்சு காசோலை எழுதியது என்னும் வினாவைக் கடந்தே செல்ல வேண்டியதாயிற்று.

மூன்றாங் கதவு நட்ட ஈட்டு வழக்கு. அபு கிறைப் சிறைச்சாலையிற் கைதிகள் வதைக்கப்பட்ட படங்கள் 2004இல் வெளிவந்தபோது உலகம் அதிர்ந்தது. அச்சிறையிற் கைதிகளை விசாரித்தோருள் காக்கி என்னும் கம்பனியின் ஊழியரும் இருந்தனர். அங்கே நடந்தவற்றுக்காகச் சிப்பாய்கள் பதினொருவர் படை நீதிமன்றிற் குற்றவாளிகளாகக் காணப்பட்டனர். கம்பனி ஊழியர் ஒருவர்மீதேனுங் குற்றவழக்குத் தொடரப்படவில்லை. பாதிக்கப்பட்டோர் 2008இல் கம்பனிக்கெதிராகத் தொடுத்த குடியியல் வழக்கு, தடைபல கடந்து, 2024 நவம்பரில் முடிவு கண்டது. மூவர்க்கு 4 கோடி 20 இலட்சம் டொலர் வழங்குமாறு யூரர் தீர்ப்பளித்தனர். வழக்குத் தொடங்கிப் பதினாறு ஆண்டுகள்; வதை நிகழ்ந்து இருபது ஆண்டுகள். ஒரே கட்டடத்தில், ஒரே காலத்தில், ஒரே கொடுமையிற் சம்பந்தப்பட்டோருள் சீருடை அணிந்தவன் சிறை சென்றான். சம்பளச் சீட்டு வேறாயவன் வீடு சென்றான். சீருடையின் சிறப்பு அதன் நிறத்திலில்லை. அதனை அணிந்தவனைப் பற்றும் சட்டம் முன்னரே எழுதப்பட்டு ஆயத்தமாயிருத்தலே அதன் சிறப்பு.

கூலிப்படையினன் யார்?

சர்வதேசச் சட்டம் கூலிப்படையை விலக்கவில்லையா என மாணவர் வினவலாம். 1949ஆம் ஆண்டின் செனீவா உடன்படிக்கைகளுக்கு 1977இல் சேர்க்கப்பட்ட முதலாம் மேலதிக உடன்படிக்கையின் 47ஆம் உறுப்புரை கூலிப்படையினனை வரையறுக்கும். போர் செய்தற்கென்றே திரட்டப்பட்டவனாதல், நேரே போரிற் பங்குபற்றல், பெரும்பாலும் தன் ஊதியத்தின்பொருட்டுப் போர் செய்தலும் ஒத்த நிலையிலுள்ள படைவீரனிலும் மிகுதியான கூலி பெறுதலும், போரிடும் நாடுகளின் குடிமகனாகாமை, அந்நாடுகளின் படையிற் சேராமை, வேறோர் அரசினாற் படைக்கடமையில் அனுப்பப்படாமை என்னும் ஆறும் ஒருங்கே பொருந்தினாலன்றி ஒருவன் கூலிப்படையினன் ஆகான். ஒன்று குறையினும் வரையறை கழன்றுவிடும். நிசூர் சதுக்கத்துக் காவலர் போரிடும் நாட்டின் குடிமக்கள். அவர் தொழில் காவலென்று எழுதப்பட்டது. ஆதலின் அவர் இவ்வரையறையுள் அடங்கார். ஐக்கிய நாடுகள் தாபனம் 1989இல் நிறைவேற்றிய கூலிப்படை எதிர்ப்பு உடன்படிக்கை 2001இலேயே நடைமுறைக்கு வந்தது. அதுவும் இவ்வரையறையையே பெரிதுந் தழுவியது.

உருசியாவின் வாக்னர் படை இச்சிக்கலின் மறுபக்கத்தைக் காட்டும். உருசியக் குற்றவியற் கோவையின் 359ஆம் பிரிவு கூலிப்படைத் தொழிலைத் தண்டிக்கின்றது. எனினும் 2014 முதல் அப்படை உக்கிரேனிலும் சிரியாவிலும் மத்திய ஆபிரிக்கக் குடியரசிலும் மாலியிலும் போர் செய்தது. சட்டத்தில் இல்லாத படையாதலின் அதன் செயலுக்கு அரசு பொறுப்பேற்க வேண்டியிருக்கவில்லை. அதனைத் தொடங்கியவர் தாமே என்பதை எவ்கெனி பிரிகோசின் பல்லாண்டு மறுத்து 2022 செத்தெம்பரிலேயே ஒப்புக்கொண்டார். 2022 மார்ச்சு மாத இறுதியில் மாலியின் மூரா என்னும் ஊரிற் குறைந்தது ஐந்நூறு பேர் கொல்லப்பட்டனர் என்று ஐக்கிய நாடுகளின் மனித உரிமை அலுவலகம் 2023 மேயில் அறிவித்தது. மாலிப் படையினருடன் இருந்தோரை அவ்வறிக்கை வெளிநாட்டுப் படையினர் என்று மட்டுமே குறித்தது. ஊர் உண்டு, நாள் உண்டு, இறந்தோர் தொகை உண்டு. கொன்றோர்க்குச் சட்டம் அறிந்த பெயரில்லை.

2023 யூன் மாதத்தில் இப்படை தன்னை வளர்த்த அரசுக்கெதிராகவே திரும்பி, உரொசுத்தொவ் நகரைக் கைக்கொண்டு மொசுக்கோவை நோக்கி நடந்தது. மாக்கியவெல்லியின் எச்சரிக்கை ஐந்நூறு ஆண்டு கழித்தும் மெய்யாயிற்று. கலகம் ஒருநாளில் அடங்கியபின், அப்படைக்கு முழுச் செலவுஞ் செய்தது அரசே என்றும், 2022 மே முதல் ஓராண்டில் அதற்கு 8,600 கோடி ரூபிள் கொடுக்கப்பட்டதென்றும் சனாதிபதி பூட்டின் வெளிப்படையாகக் கூறினார். கலகம் வந்தபோது கணக்கு வெளிவந்தது; மூராவுக்கு அத்தகைய கணக்கு வரவில்லை. இரண்டு மாதத்தில் பிரிகோசின் விமான விபத்தில் இறந்தார்.

எதிர்வாதம்

இக்கம்பனிகளை ஆதரிப்போர் கூறுவனவற்றையும் நடுநிலையில் நோக்குதல் முறை. தலைநகர் வீழும் நிலையிலிருந்த சியெறா லியோனுக்கு உதவ வேறு நாடெதுவும் அப்போது வரவில்லை. கூலிப்படையே மக்களைக் காத்தது என்பர். இதனை முற்றாக மறுத்தல் இயலாது. ஐக்கிய நாடுகள் தாபனமுந் தன் அலுவலர்க்கும் உணவு வண்டிகளுக்குந் தனியார் காவலை அமர்த்துவதுண்டு. இத்தொழிலை ஒரே வரியில் முற்றாகத் தடைசெய்தல் நடைமுறைக்கு ஒவ்வாதென்பதும் உண்மையே.

சிக்கனம் என்னும் வாதமோ அத்துணை வலியுடையதன்று. ஈராக்கிலும் ஆப்கானித்தானிலும் நடைபெற்ற ஒப்பந்தங்களை ஆராய்ந்த அமெரிக்க ஆணைக்குழு 2011இல் தந்த இறுதியறிக்கையில், வீண்செலவாலும் மோசடியாலும் இழந்த தொகை 3,100 கோடி முதல் 6,000 கோடி டொலர் வரை இருக்குமென மதிப்பிட்டது. அதனினும் முக்கியமானது மற்றொன்று. ஒரு சிப்பாய் இறந்தால் அது நாட்டின் இழப்பாக எண்ணப்படும். பாராளுமன்றிற் கேள்வி எழும். ஒப்பந்தக்காரரின் ஊழியன், அதிலும் வேற்று நாட்டவன், இறந்தால் அது கம்பனியின் கணக்கேட்டில் அடங்கும். போரின் விலை குடிமக்கள் கண்ணுக்கு மறைக்கப்படுமாயின் போரைத் தொடங்குதல் எளிதாகின்றது. சிக்கனம் என்பது இவ்விடத்திற் பணத்தை விடப் பொறுப்பின் சிக்கனமாகவே முடிகின்றது.

செய்யத்தக்கன

சுவிற்சலாந்தும் சர்வதேசச் செஞ்சிலுவைக் குழுவும் முயன்று, 2008 செத்தெம்பர் 17இல் மொன்றோ நகரிற் பதினேழு நாடுகள் ஏற்ற ஆவணமொன்றை வெளியிட்டன. அமர்த்தும் நாடு, பணி நடைபெறும் நாடு, கம்பனியின் தாய்நாடு என மூன்றையும் வேறுபிரித்து, ஒவ்வொன்றுக்கும் உரிய கடமைகளையும் எழுபத்து மூன்று நல்வழக்கங்களையும் அது எடுத்துரைக்கும். அது புதிதாக எவரையுங் கட்டுப்படுத்தும் உடன்படிக்கையன்று. எனினும், பழைய சட்டம் இக்கம்பனிகளுக்கும் உரியதே என்பதைத் தெளிவாக்கியமை பெரும்பயன். 2010இல் கம்பனிகளே கைச்சாத்திட்ட ஒழுக்கக்கோவையொன்றும் எழுந்தது. தென்னாபிரிக்கா 1998இல் இத்தொழிலைச் சட்டத்தாற் கட்டுப்படுத்தியது. மியூரனின் நாடான சுவிற்சலாந்து, தன் மண்ணிலுள்ள கம்பனிகள் வெளிநாட்டுப் போரில் நேரே பங்குபற்றலாகாதென 2013இற் சட்டமியற்றி, 2015இல் நடைமுறைப்படுத்தியது. பல நூற்றாண்டு பிற நாடுகளுக்குக் கூலிப்படை அனுப்பிய நாடொன்று இவ்வாறு திரும்பியமை, வழக்கம் எத்துணை பழையதாயினும் சட்டத்தால் மாறும் என்பதற்குச் சான்று.

இவற்றினின்றும் நாம் கொள்ளத்தக்க விதிகள் நான்கு. முதலாவது, அமர்த்தும் அரசின் குற்றவியற் சட்டம் ஒப்பந்தம் செல்லுமிடமெல்லாஞ் செல்லுதல் வேண்டும். எந்த அமைச்சு பணங்கொடுத்தது என்னும் வினாவுக்கு இடமிருத்தலாகாது. இரண்டாவது, நேரடிப் போர், கைதிகளைக் காத்தல், கைதிகளை விசாரித்தல் ஆகியவற்றை அரசு தன் கையினின்றும் விடலாகாது. மூன்றாவது, ஒப்பந்தமும், துவக்குச் சூடு ஒவ்வொன்றின் விவரமும் பொதுப் பதிவேட்டிற் பதியப்படல் வேண்டும். நான்காவது, பாதிக்கப்பட்டோர்க்குரிய நட்ட ஈட்டை ஒப்பந்தத்திலேயே முன்னதாக உறுதிசெய்தல் வேண்டும். கம்பனிக்குரிய பணம் காக்கப்படுவது போல அவர்க்குரியதுங் காக்கப்படல் நீதி. இவற்றின் அடிப்படை புதியதன்று. அரசின் கட்டளையாலோ வழிநடத்தலாலோ ஒருவர் செய்த செயல் அரசின் செயலே என்பதைச் சர்வதேசச் சட்ட ஆணைக்குழு 2001இல் தொகுத்த அரசுப் பொறுப்பு விதிகள் கூறுகின்றன.

இவையெல்லாம் நமக்குத் தொலைவான செய்திகள் என்று கருதற்க. 1984ஆம் ஆண்டு முதல் கே. எம். எஸ். என்னும் பிரித்தானியத் தனியார் கம்பனி இலங்கையின் விசேட அதிரடிப் படைக்குப் பயிற்சியளித்தது. அக்கம்பனியார் மீது போர்க்குற்ற விசாரணையை இலண்டன் மாநகரப் பொலிசார் தொடங்கியது 2020ஆம் ஆண்டிலாகும். இடையே கழிந்த காலத்திற் சாட்சிகள் பலர் முதுமையுற்றிருப்பர், சிலர் மறைந்திருப்பர். மற்றொரு பக்கத்தில், ஓய்வுபெற்ற இலங்கைப் படையினர் பலர் போர்முனைக்கு அப்பாற்பட்ட வேலை என்று முகவர் கூறியதை நம்பிச் சென்று, உருசிய உக்கிரேனியப் போரின் முன்னணியில் நிறுத்தப்பட்டனர். அவருட் பதினாறு பேரேனும் மாண்டனர் என்று 2024 மேயில் அரசு அறிவித்தது. அவர் சேர்ந்தது கம்பனியை அன்று, அந்நாடுகளின் படைகளையே. எனினும் வறுமையும் முகவரும் பொய்யான ஒப்பந்தமும் நேபாளத்து இளைஞரை இட்டுச்சென்ற வழியிலேயே அவரையும் இட்டுச்சென்றன. இத்தொழிலாற் கொல்லப்படுவோரையும், இத்தொழிலுக்கு ஆளாகி இறப்போரையும் நம் நாடு அறிந்திருக்கின்றது.

பரிமேலழகர் கூலிப்படையை எண்ணிய காலத்தில் அதன் குற்றத்துக்கு அரசனே விடையிறுப்பவன். குடிமகன் முறையிட அரண்மனை வாயில் ஒன்று இருந்தது. இன்று அவ்வாயில் கம்பனிப் பதிவேடுகளிலும் விலக்குக் கட்டளைகளிலும் மறைந்து கிடக்கின்றது. அதனை மீண்டுந் திறத்தல் சட்டம் கற்போரின் கடன். திறக்குமாறு கேட்டல் குடிமக்கள் எல்லாரின் கடன். கூலி கொடுப்பவன் எவனோ அவனே கொலைக்கும் விடையிறுக்கக் கடவன் என்னும் நெறி உலகநாடுகளின் சட்டங்களில் ஐயத்துக்கிடமின்றி எழுதப்படும் நாளிலேதான், நிசூர் சதுக்கத்துத் தாய்மார் செல்லத்தக்க நீதிமன்று ஒன்று உண்டென்று நாம் கூறலாகும்.